முதலில் அட்டையைப் பாருங்கள்

வீட்டில் இணையம் மெதுவானால் உடனே "லைன் சரியில்லை" என்கிறோம். அடுத்து, இன்னும் வேகமான சந்தாத் திட்டத்துக்கு மாறச் சொல்லி அப்பா அம்மாவை நச்சரிக்கிறோம். கணினிக்குள் இருக்கும் கட்டமைப்பு அட்டையை யாரும் சந்தேகிப்பதில்லை. மாதாமாதம் கூடுதல் பணம் கட்டுவதற்கு முன்னால் அதைத்தான் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கணினியின் தரவை மின்சைகையாகவோ வானொலி அலையாகவோ மாற்றி அனுப்புவதும், வருவதை மீண்டும் தரவாக்குவதும் இந்த அட்டையின் வேலை. முன்பு இது தனி அட்டையாகச் செருகப்பட்டது. இன்று பல கணினிகளில் தாய்ப்பலகையிலேயே சில்லாகப் பதிந்திருக்கிறது. பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வீடுகளுக்கு 10 கிகாபிட் வேக இணையத்தைக் கொண்டுசெல்ல 100 மில்லியன் வெள்ளி வரை முதலீடு செய்யப்போவதாக 2024இல் சிங்கப்பூர் அரசாங்கம் அறிவித்தது. நல்ல முயற்சிதான். ஆனால் சட்டி நிறையச் சோறு இருந்தாலும் அகப்பை அள்ளும் அளவுதானே தட்டில் விழும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய ஈதர்நெட் அட்டையின் உச்ச வேகம் வினாடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், அது 12.5 மெகாபைட். அதன் வழியே 5 கிகாபைட் கோப்பைப் பதிவிறக்கக் குறைந்தது 400 வினாடி வேண்டும். 1 கிகாபிட் அட்டை அதே வேலையை 40 வினாடியில் முடித்துவிடலாம். வீட்டுக்கு 10 கிகாபிட் இணைப்பே வந்தாலும், பழைய அட்டைக்கு அந்த 400 வினாடி குறையாது.

வைஃபை அட்டைகளிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. வைஃபை 5 வகையில், ஒரே ஆன்டெனா உள்ள அட்டையின் வேகம் பொதுவாக 433 மெகாபிட். இரண்டு இருந்தால் 867. இவை ஏட்டளவு வேகங்கள்தான். சுவரும் தூரமும் இவற்றைக் குறைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் தெரிந்த அட்டை என்றால், அடுக்குமாடியில் அண்டை வீட்டாரின் வைஃபையோடும் மல்லுக்கட்ட வேண்டும். யுஎஸ்பி வழியாகச் செருகும் அட்டையும் ஏமாற்றலாம். பழைய யுஎஸ்பி 2.0 துளையின் உச்ச வேகம் 480 மெகாபிட்தான்.

வீட்டில் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் காணொளி பார்த்தால் வேகமான திட்டம் உதவாதா? உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கணினி மட்டும் தடுமாறினால், குறை பெரும்பாலும் அந்தக் கணினியின் பக்கம்தான் இருக்கும்.

விண்டோஸ் கணினியின் 'செட்டிங்ஸ்' பகுதியில் கட்டமைப்பு விவரங்களைத் திறந்தால் இணைப்பு வேகம் தெரியும். கிகாபிட் அட்டை இருந்தும் 100 என்று காட்டினால், கம்பிவடத்தைச் சந்தேகியுங்கள். கிகாபிட் வேகத்துக்கு அதிலுள்ள எட்டுக் கம்பிகளும் தேவை. ஒன்று பழுதானாலும் வேகம் 100க்கு இறங்கிவிடக்கூடும். வடத்தை மாற்றச் சில வெள்ளி போதும். மேசையைவிட்டு நகராத கணினிக்கு வைஃபையைவிடக் கம்பிவடமே நல்லது என்பேன்.

அடுத்த முறை "திட்டத்தை மாற்றலாமா?" என்று பெற்றோரிடம் கேட்பதற்கு முன், அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். கட்டப்போவது அவர்களுடைய பணம்.