தீச்சுவரை விடப் பயிற்சி முக்கியம்

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் 81 மில்லியன் அமெரிக்க டொலர் கணினி வழியாகக் கொள்ளையிடப்பட்டது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட மேலும் 20 மில்லியன் டொலர், பெறுநரின் பெயரில் நேர்ந்த எழுத்துப்பிழையால் தடுக்கப்பட்டது. அவ்வங்கியின் வலையமைப்பில் பயர்வோல் எனப்படும் தீச்சுவரே இருக்கவில்லை என அந்நாட்டுப் புலனாய்வாளர்கள் தெரிவித்தனர்.

தீச்சுவரை வாங்கிவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடுமா? 2019இல் அமெரிக்காவின் கெப்பிட்டல் வன் வங்கியில் தீச்சுவர் இருந்தது. ஆயினும் அது பிழையாக அமைக்கப்பட்டிருந்தமையால் சுமார் 106 மில்லியன் பேரின் விபரங்கள் களவாடப்பட்டன. மறு ஆண்டு அவ்வங்கிக்கு 80 மில்லியன் டொலர் அபராதமும் விதிக்கப்பட்டது.

எனவே கருவிக்குப் பணம் செலவிடும் நிறுவனங்கள், அதனைக் கையாளும் ஊழியரின் பயிற்சியிலும் கருத்தூன்ற வேண்டும். குறைந்த கட்டணமும் விரைவாகக் கிடைக்கும் சான்றிதழும் தெரிவுக்கான அளவுகோல்கள் ஆகா. முதலில் பொதுவான அடிப்படைகளும், பின்னர் நிறுவனம் பயன்படுத்தும் கருவிக்குரிய பாடமும் கற்பிக்கப்பட வேண்டும். எதனை உள்ளே அனுமதிப்பது, எதனைத் தடுப்பது என்ற விதிகளை எழுதவும், தேவையற்றுப்போன பழைய அனுமதிகளை நீக்கவும், பதிவுகளில் ஊடுருவலின் தடயங்களைக் கண்டறியவும் ஊழியர் தம் கைகளாலேயே பழகுவதற்கு வசதி உண்டா என்பதே கேட்கவேண்டிய முதற் கேள்வியாகும்.

மக்களின் பணமும் அந்தரங்க விபரங்களும் திருடனின் எழுத்துப்பிழையை நம்பியிருத்தல் தகாது.