பெட்டியில் வைக்க மறந்த தாள்



குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கி ஆடி மாதமும் நெருங்கிவிட்டால், சில ஆண்டுகளாக நம் பங்கு இல்லத்து வாசலில் புதியதொரு கூட்டத்தைக் காண்கிறோம். அருவியில் நீராட வந்தவர்கள் அல்லர். அயல்நாட்டுக் கல்லூரிகளுக்குப் புறப்படும் பிள்ளைகளும், புறப்படுமுன் ஆசீர் பெற அவர்களை அழைத்துவரும் பெற்றோருமே அவர்கள். நம் இளமைக்காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து கடல் கடந்தவர் பெரும்பாலும் வேலைக்கே போனார்கள். படிப்பதற்கென்று போனவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றோ அரிசிக்கடை வைத்திருப்பவர் மகனும், சத்துணவு அமைப்பாளர் மகளும் வங்கிக் கடன் பெற்று மேல்நாட்டுக்குப் போகிறார்கள். மகிழ வேண்டிய செய்திதான்.

ஆசீர் அளித்தபின் நாம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. “இன்ஷூரன்ஸ் தாளைப் படித்தாயா தம்பி?” விடை பெரும்பாலும் ஒன்றே: “அதெல்லாம் யுனிவர்சிட்டியே பார்த்துக்கொள்ளும் ஃபாதர்.” பெட்டியில் குக்கர் இருக்கும், பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் மூன்று பொட்டலமாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். நோய்வாய்ப்பட்டால் எங்கே போவது, யார் பணம் கட்டுவது என்று கூறும் அந்தத் தாள் மட்டும் எங்கோ ஒரு மின்னஞ்சலில் திறக்கப்படாமல் கிடக்கும்.

இக்கேள்வியை நாம் ஏன் கேட்கத் தொடங்கினோம் என்பதைச் சொல்லவேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலைப்பொழுதில், நம் பங்கைச் சேர்ந்த அண்ணாச்சி ஒருவர் நனைந்தபடியே வந்து நின்றார். பெயர் வேண்டாம், அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறோம். மூத்த மகன் அமெரிக்காவில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தான். “சாமி, சிற்றாத்துப் பாசனத்துல இருக்கிற அரைக்கோட்டை விதைப்பாட்டை நாளைக்கு ஒத்திக்கு எழுதிக் கொடுக்கப் போறேன். சாட்சிக் கையெழுத்துக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது வேணும்,” என்றார். காரணம் கேட்டோம். கைபேசியை நீட்டினார். மகனுக்குக் குடல்வால் அழற்சி, அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது, பிள்ளை நலம். ஆனால் பின்னர் வந்த தாளில் 41,000 டாலர் என்று அச்சிட்டிருந்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 34 லட்ச ரூபாய்!

உண்மையைச் சொன்னால் நமக்கும் தலை சுற்றியது. குருமடத்தில் இலத்தீன் படித்தோம், மெய்யியல் படித்தோம். இத்தகைய தாளைப் படிக்க எவரும் கற்றுத் தரவில்லை. அமெரிக்காவில் செவிலியராகப் பணியாற்றும் நம் பங்குச் சகோதரி ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் முதலில் கேட்டது இதுதான்: “ஃபாதர், தாளின் உச்சியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தோம். ‘இது பில் அன்று’ என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் இருந்தது.

அது காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் விளக்கத் தாள். மருத்துவமனை எவ்வளவு கேட்டது, நிறுவனத்துக்கும் மருத்துவமனைக்கும் உள்ள உடன்படிக்கைப்படி எவ்வளவு ஏற்கப்பட்டது, நிறுவனம் எவ்வளவு கொடுத்தது, நோயாளி எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று வரிசையாகக் காட்டுவது. அண்ணாச்சி பார்த்தது முதல் வரியை மட்டும். உடன்படிக்கை விலை 19,000 டாலர். அதில் மாணவன் முதலில் தன் கையிலிருந்து கட்டவேண்டியது 500 டாலர். இதனை ‘டிடக்டிபிள்’ என்கிறார்கள். எஞ்சிய 18,500-இல் நூற்றுக்கு இருபது மாணவன் பங்கு, அதாவது 3,700. இரண்டும் சேர்ந்தால் 4,200. ஆயினும் அந்தப் பாலிசியில், ஓராண்டில் மாணவன் கைப்பணம் 3,000 டாலருக்கு மேல் போகக்கூடாது என்றொரு வரம்பு இருந்தது. ஆகவே தரவேண்டியது 3,000. அதையும் மருத்துவமனை வட்டியின்றிப் பன்னிரண்டு தவணையாக வாங்கிக்கொண்டது. நம் ஊர்க் கணக்கில் இரண்டரை லட்சம். சிறு தொகை அன்று. ஆனால் அரைக்கோட்டை விதைப்பாடு தப்பியது.

இதைவிட நம்மைக் கலங்கச் செய்தது வேறொன்று. வலி தொடங்கி இரண்டு இரவுகள் அந்தப் பிள்ளை அறையிலேயே சுருண்டு கிடந்திருக்கிறான். அம்மா கொடுத்தனுப்பிய வயிற்றுவலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு, “ஆஸ்பத்திரிக்குப் போனால் அப்பாவின் வயல் போய்விடும்” என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான். ஆம்புலன்ஸ் கட்டணத்துக்கு அஞ்சி அதையும் அழைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அறைத்தோழர்கள் இருவர் அவனைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். குடல்வால் வெடித்திருந்தால் சீழ் வயிறெங்கும் பரவி உயிருக்கே கேடாயிருக்கும் என்று மருத்துவர் கூறினாராம். அவன் பல்கலைக்கழக வளாகத்திலேயே மாணவர் மருத்துவ நிலையம் ஒன்று இருந்தது. அங்கே மருத்துவரைப் பார்க்க அவன் ஒரு டாலரும் கொடுக்க வேண்டியதில்லை. அது அவனுக்குத் தெரியாது. தாளின் இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

நம் மக்கள் காப்பீடு என்றதும் நினைப்பது முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவரும் அதனால் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் கடனின்றி அறுவைச் சிகிச்சை பெற்றுள்ளன. அட்டையைக் காட்டினால் போதும் என்ற பழக்கம் நமக்கு அங்கிருந்து வந்தது. ஆனால் அந்த அட்டையும் பட்டியலில் உள்ள மருத்துவமனையில்தானே செல்லும்? அமெரிக்காவில் ‘நெட்வொர்க்’ என்பது ஏறக்குறைய அதுவே. பட்டியலுக்கு வெளியே போனால் மாணவன் பங்கு இரட்டிப்பாகலாம். சில பாலிசிகளில் முழுவதுமே அவன் தலையில் விழும். எனவே புறப்படும் முன்பே, வளாகத்து மருத்துவ நிலையம், அவசரமில்லாத நோய்க்குரிய பட்டியல் மருத்துவமனை, உயிர் போகும் அவசரத்துக்கு எந்த மருத்துவமனை என்று மூன்று முகவரிகளைக் கைபேசியில் பதிந்துகொள்ளட்டும். உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் பட்டியல் பார்க்க வேண்டாம். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசரப் பிரிவுள்ள அமெரிக்க மருத்துவமனைகள் பணம் உண்டா இல்லையா என்று பாராமல் வந்தவரைச் சோதித்து, நிலைப்படுத்தியாக வேண்டும். பில் பின்னால் வரும். வந்தபின் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

எல்லா நாடும் அமெரிக்கா அன்று. பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்குப் போகிறவர் விசாவோடு சேர்த்தே சுகாதாரக் கட்டணம் கட்டிவிட வேண்டும். 2015-இல் மாணவருக்கு ஆண்டுக்கு 150 பவுனாக இருந்த இது, 2024 பிப்ரவரியில் 776 பவுனாயிற்று. ஓராண்டு முதுகலைப் படிப்புக்கும் விசா பதினேழு மாதம் வருமாதலால் ஒன்றரை ஆண்டுக் கட்டணம், அதாவது 1,164 பவுன், ஒரே தவணையில் போய்விடும். இவ்வளவு கட்டியபின்னும் அங்கே போய் அருகிலுள்ள குடும்ப மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்யாமல் பல பிள்ளைகள் மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். காசைக் கட்டிவிட்டுக் கதவைத் தட்டாதிருப்பது என்ன கெட்டிக்காரத்தனமோ! ஆஸ்திரேலியாவில் தங்கியிருக்கும் காலம் முழுவதற்கும் மாணவர் காப்பீடு விசாவின் நிபந்தனையே. ஆனால் முன்பே இருந்த உடல்நோய்க்கு அங்கே 12 மாதக் காத்திருப்பு உண்டு. பல் மருத்துவமும் மூக்குக்கண்ணாடியும் பொதுவாக அதில் சேரா. கனடாவில் மாநிலத்துக்கு மாநிலம் முறை மாறும். ஒன்டாரியோவில் மாநில அரசின் காப்பீடு அயல்நாட்டு மாணவருக்குக் கிடையாததால் பல்கலைக்கழகங்கள் வேறு திட்டம் வைத்திருக்கின்றன. பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா போன்ற நாடுகளுக்கு மருத்துவமே படிக்கப் போகிறவர்கள், கல்லூரி தரும் காப்பீடு எந்த மருத்துவமனையில், எவ்வளவு தொகைவரை செல்லும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். வாய்ச்சொல் போதாது.

நம் ஊரிலேயே மலிவான மாணவர் காப்பீடு ஒன்றை எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் பாலிசியை விலக்கிவிடலாம் என்று முகவர்கள் சொல்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், பல ஏற்கா. ஏற்றாலும், வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற்றால் தருமா, பழைய நோய்க்குத் தருமா, மனநோய்க்குத் தருமா, முதலில் நாமே கட்டிவிட்டுப் பின்னர் கேட்டு வாங்குவதா என்று நான்கையும் பாருங்கள். ஆண்டுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் மிச்சம் என்பதற்காக மட்டும் மலிவானதைப் பிடிப்பது நமக்கு உடன்பாடன்று. அமெரிக்காவுக்கு ஜே-1 விசாவில் போகிறவர்களுக்கு அந்நாட்டரசே சில குறைந்த அளவுகளை விதித்திருக்கிறது. ஒரு நோய்க்கு ஒரு லட்சம் டாலர் வரை காப்பு, சொந்த நாட்டுக்கு நோயாளியைக் கொண்டுசெல்ல 50,000 டாலர், இறந்தால் உடலை அனுப்ப 25,000 டாலர் என்பன அவை. எஃப்-1 விசாக்காரருக்கு அந்த அரசு விதி இல்லை. பல்கலைக்கழகம் வைத்ததே சட்டம். உடலை அனுப்புவது பற்றிய அந்தக் கடைசி வரியைப் பெற்றோர் படிக்க விரும்பார். படிக்கத்தான் வேண்டும். அது இல்லாத குடும்பங்கள் கண்ணீரோடு ஊர் ஊராய்ப் பணம் திரட்ட நேர்கிறது. இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்றொன்று உண்டு. வழியற்றவருக்கு அவசர மருத்துவத்துக்கும் இதற்கும் உதவும். அதற்காகவேனும் போய்ச் சேர்ந்தவுடன் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்வது நல்லது.

அயல்நாட்டில் நோயுற்ற தமிழ் மாணவர் என்றால் நம் நினைவுக்கு வருபவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன். 1910-இல் அவருக்கு ஓர் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டபோது குடும்பத்தில் பணமில்லை. மருத்துவர் ஒருவர் இலவசமாகச் செய்தார். 1914-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை தந்து அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது. 1917-இல் நோயில் விழுந்தார். இங்கிலாந்தில் 1911-லேயே தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அது உழைத்துச் சந்தா கட்டும் தொழிலாளருக்கானது, மாணவருக்கன்று. மருத்துவமனை மாற்றி மருத்துவமனையாகப் பலவற்றில் இருந்தார். காசநோய் என்றே பெரிதும் கருதி மருத்துவம் பார்த்தார்கள். 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று, தம் 32-ஆம் வயதில் சென்னையில் காலமானார். 1994-இல் டாக்டர் யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது காசநோயன்று, கல்லீரலில் அமீபாக் கிருமியால் வந்த நோயாயிருக்கலாம், அந்நாளிலேயே அதற்கு மருந்து இருந்தது என்று எழுதினார். கப்பலேறும் முன்னரே அவருக்கு வயிற்றுக்கடுப்பு கண்டிருந்ததை அதற்குச் சான்றாகக் காட்டினார். நூறாண்டு கழித்து எவரும் உறுதி கூறவியலாது. ஆயினும் பிள்ளையின் பழைய நோய்களை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி, நம் ஊர் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தனுப்ப அரைமணி நேரம் போதுமே என்று அதைப் படித்தபோது எண்ணினோம்.

இந்த இடத்தில்தான் நம் குடும்பங்கள் தவறுகின்றன. இழுப்பு உண்டென்று எழுதினால் விசா கிடைக்காதோ, வலிப்பு உண்டென்று எழுதினால் பெண்ணின் வரன் கெடுமோ என்று மறைக்கிறார்கள். காப்பீட்டுப் படிவத்தில் மறைத்த நோயே பின்னர் நிறுவனம் பணம் தர மறுப்பதற்குக் காரணமாகும். உண்மையை எழுதினால் சந்தா சிறிது கூடலாம், காத்திருப்புக் காலம் வரலாம், அவ்வளவே. சொத்தைப் பல்லையும் கண்ணையும் இங்கேயே பார்த்து முடித்துவிட்டுப் போவது மலிவு. வழக்கமாக உண்ணும் மாத்திரைகளைச் சீட்டோடு, மருந்தின் இரசாயனப் பெயரோடு எடுத்துச் செல்லட்டும்.

மனச்சோர்வைப் பற்றியும் ஒரு சொல். பனிக்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், கடன் தவணையை எண்ணிக்கொண்டு தனியறையில் இருக்கும் பிள்ளை, வீட்டுக்குப் பேசும்போது “நல்லா இருக்கேம்மா” என்றே சொல்லும். பல பல்கலைக்கழகங்களில் ஆலோசகரைப் பார்க்கத் தனிக்கட்டணம் இல்லை. “சாப்பிட்டாயா, மார்க் என்ன” என்று மட்டும் கேளாமல், “தூக்கம் வருகிறதா” என்றும் கேளுங்கள். விடை சொல்ல அவகாசமும் கொடுங்கள்.

அண்ணாச்சியின் இளைய மகள் இவ்வாண்டு ஜெர்மனிக்குப் போகிறாள். சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவரே ஒரு கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் முப்பது வயதுக்குள்தான் என்பதை வாசித்திருக்கிறார். தொடக்கத்தில் தனியார் காப்பீட்டுக்கு விலக்குப் பெற்றுவிட்டால் படிப்பு முடியும்வரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது என்பதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருக்கிறார். “சாமி, கல்லூரியில் சேருமுன் இரண்டு மாதம் மொழி வகுப்பு இருக்கே, அந்த நாளுக்கு எந்தக் காப்பீடு?” என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. மறுபடியும் அந்தச் செவிலியச் சகோதரியையே அழைத்தோம். அவர் ஜெர்மனியில் உள்ள தம் தோழியைக் கேட்டுச் சொன்னார். மொழி வகுப்புக் காலத்துக்கு மாணவர் சலுகை கிடையாதாம். அதற்குத் தனியாக ஒன்று எடுக்கவேண்டுமாம். அண்ணாச்சி அதையும் எழுதிக்கொண்டு, குடையை விரித்து, சாரலில் இறங்கி நடந்தார்.