பெயர் ஒட்டாத பாட்டில்



கொஞ்சம் நீளமான பதிவு இது. வழக்கம்போல "சார் ஆரம்பிச்சுட்டார்" என்று சிரித்துவிட்டாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

என்னிடம் பிளஸ் டூவில் வேதியியல் படித்தவர்களுக்கு ஆய்வகத்தின் முதல் நாள் நினைவிருக்கும். பர்னரைக் காட்டுவதற்கு முன், பிப்பெட்டைக் கையில் கொடுப்பதற்கு முன், ஒரு விதியைச் சொல்வேன். பெயர் ஒட்டாத பாட்டிலைத் திறக்காதே, முகராதே, நீயாகக் கொட்டவும் செய்யாதே, என்னிடம் கொண்டுவா. "பார்த்தா தண்ணி மாதிரிதான் சார் இருக்கு" என்று சொன்ன ஒருவனை அரை மணி நேரம் வெளியே நிறுத்தியிருக்கிறேன். அவன் இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. இந்தப் பதிவையும் படிப்பான்.

நாற்பது வருடம் கழித்து அந்த விதி எனக்கே பாடமாக வந்தது. போன மாதம் ஆறு வயதுப் பேரனை மாலையில் எங்கள் ஊர் நகராட்சிப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் ஒரு மணி நேரம் ஓடினான். நாவல் மரத்தடியில் விழுந்து கிடந்த பழத்தைப் பொறுக்கி, டவுசரில் துடைத்துத் தின்றான். நானும் இரண்டு தின்றேன். என் சின்ன வயதில் தின்றது போலத்தானே என்று விட்டுவிட்டேன்.

இரவு ஒன்பது மணிக்கு அவனுக்கு வாந்தி. கண் சிவந்து நீர் வடிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பணியில் இருந்த மருத்துவர் இளம்பெண். பொறுமையாகக் கேட்டார். "என்ன சாப்பிட்டான்? எங்க விளையாடினான்? அங்க ஏதாவது மருந்து அடிச்சிருந்தாங்களா?"

அப்போதுதான் என் மனைவி சொன்னாள், பூங்காவுக்குள் நுழையும்போது ஒரு மாதிரி நெடி அடித்தது என்று. எனக்கும் அது நினைவு வந்தது. "ஏதோ அடிச்சிருப்பாங்க போல டாக்டர்" என்றேன். "என்ன அடிச்சாங்கன்னு தெரிஞ்சா எங்களுக்கு உதவியா இருக்கும்" என்றார்.

எனக்குத் தெரிந்த நான்கு பேருக்குப் போன் செய்தேன். பூங்கா காவலாளிக்குத் தெரியவில்லை. வார்டு ஆள் ஒருவருக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் போன் எடுக்கும் நேரமில்லை. முப்பத்து மூன்று வருடம் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன், "தெரியலை டாக்டர்" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

பேரன் காலைக்குள் தேறிவிட்டான். பழத்தாலா, ஏதாவது காய்ச்சல் கிருமியாலா, தெளித்த மருந்தாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். மருந்துதான் காரணம் என்று நானும் சொல்ல மாட்டேன், ஆதாரமில்லாமல் சொல்லக் கூடாது என்று உங்களுக்குக் கற்பித்தவன் நான். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: மருத்துவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பூங்காவுக்குப் போனேன். நடைபாதை ஓரப் புல் மஞ்சளடித்துக் கிடந்தது. களைக்கொல்லிதான் என்று புரிந்தது. மறுகோடியில் ஒருவர் முதுகில் தெளிப்பானைச் சுமந்து அடித்துக்கொண்டிருந்தார். கிட்டே போனால், "சார், வணக்கம் சார்" என்கிறார். பத்தாம் வகுப்பு வரை நம் பள்ளியில் படித்தவர். ஒப்பந்தத் தொழிலாளி. வாயில் ஒரு கைக்குட்டை, காலில் ரப்பர் செருப்பு, கையில் உறை இல்லை.

"என்னப்பா அடிக்கிற?"

"களை மருந்து சார்."

"அது தெரியுது. பேரு என்ன?"

"மேஸ்திரி கலந்து பாட்டில்ல ஊத்திக் குடுப்பார் சார். பேரெல்லாம் தெரியாது."

காட்டினார். கூல்டிரிங்ஸ் பாட்டில். பெயர் ஒட்டாத பாட்டில்.

"ராத்திரியெல்லாம் கை அரிக்குது சார்" என்றார் சிரித்துக்கொண்டே.

நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? கொல்வதற்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம், பிழைப்பதற்குக் குடிப்பதையும் மருந்து என்கிறோம். பூச்சி மருந்து, எலி மருந்து, கொசு மருந்து, களை மருந்து. "மருந்து அடிக்கிறாங்க" என்றால் காதுக்கு நல்ல காரியமாகவே கேட்கிறது. சின்ன வயதில் கொசுப் புகை வண்டிக்குப் பின்னால் ஓடியவர்கள்தானே நாம் எல்லோரும்!

சரி, பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று கேட்பீர்கள். வேதியியல் வாத்தியாராகச் சொல்கிறேன். பூச்சிக்கொல்லிகள் எல்லாம் ஒரே சாதி இல்லை. மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் வகை உடலுக்குள் போனால், அட்ரோபின் என்ற மாற்று மருந்து உண்டு. கொசுப் புகையில் அதிகம் பயன்படும் பைரித்ராய்டு வகைக்கு அப்படித் தனியான மாற்று மருந்து இல்லை. அறிகுறிக்கு ஏற்ப வைத்தியம் செய்வார்கள். களைக்கொல்லிகளில் பாராகுவாட் உள்ளே போனால் மாற்று மருந்தே கிடையாது. எவ்வளவு சீக்கிரம் வைத்தியம் தொடங்குகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. கிளைபோசேட் இன்னொரு வகை. ஆக, பெயர் தெரியாத மருத்துவர் இருட்டில் தேடுகிறார். டெல்லி எய்ம்ஸில் தேசிய நஞ்சுத் தகவல் மையம் என்று ஒன்று இருக்கிறது. அவர்களிடம் கேட்டாலும் முதல் கேள்வி, "என்ன நஞ்சு?" என்பதாகத்தான் இருக்கும்.

இதைச் சட்டம் செய்தவர்களும் உணர்ந்திருந்தார்கள். நம் நாட்டில் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும், அதன் கீழ் 1971ஆம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன. உரக்கடையில் டப்பாக்களைப் பாருங்கள். சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணம் சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், கடைசியில் பச்சை. லேபிளில் மாற்று மருந்து பற்றிய குறிப்பும் இருக்க வேண்டும். தெளிப்பவருக்குப் பாதுகாப்பு உடை, மூச்சுக் கவசம் பற்றியும் விதிகள் உண்டு. எல்லாம் நல்ல விதிகள். ஆனால் லேபிள் டப்பாவோடு கடையிலேயோ கிடங்கிலேயோ நின்றுவிடுகிறது. புல்லில் ஓடும் குழந்தைக்கும், பெஞ்சில் உட்காரும் பாட்டிக்கும் அது வந்து சேர்வதில்லை. பூங்காவே ஒரு பெயர் ஒட்டாத பாட்டிலாகிவிடுகிறது.

அதே 1971 விதிகளில் 43ஆம் விதியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விமானத்திலிருந்து பூச்சிக்கொல்லி தெளிப்பதாக இருந்தால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஆட்களும் கால்நடைகளும் அங்கே நுழையாமல் தடுக்க வேண்டும் என்கிறது. பக்கத்துக் கேரளத்தில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் வானத்திலிருந்து எண்டோசல்பான் தெளித்த கதையும், அதன் பிறகு அந்த ஊர்க் குழந்தைகள் பட்ட பாடும் நீங்கள் அறிந்ததே. மேலிருந்து தெளித்தால் சொல்லிவிட்டுத் தெளி என்று சட்டம் சொல்கிறது. முதுகில் சுமந்து தெளித்தால் மட்டும் சொல்ல வேண்டாமா? மூச்சுக்குள் போகிற காற்றுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

சிட்னியில் இருக்கும் என் சின்ன மகள் வீட்டுக்குப் போன வருடம் நானும் மனைவியும் போயிருந்தோம். அங்கே ஒரு பூங்கா வாசலில் சின்னப் பலகை நட்டிருந்தது. எந்தக் களைக்கொல்லி, எதற்காக, எந்தத் தேதியில் தெளிக்கிறார்கள், விவரம் வேண்டுமானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். மகளிடம் கேட்டேன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அது சட்டமாம். பூங்கா, விளையாட்டுத் திடல், சாலையோரம் போன்ற பொது இடங்களில் பூச்சிக்கொல்லியோ களைக்கொல்லியோ பயன்படுத்தும் அரசு அமைப்புகள், அதை மக்களுக்கு எப்படித் தெரிவிப்போம் என்று ஒரு திட்டத்தை எழுதி வெளியிட்டு அதன்படி நடக்க வேண்டும். பள்ளி, குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை, முதியோர் இல்லம் இவற்றின் அருகில் தெளித்தால் அவற்றுக்கு எப்படித் தகவல் தருவோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். இத்தனைக்கும் அங்கே தெளிப்பதை நிறுத்தவில்லை. சொல்லிவிட்டுத் தெளிக்கிறார்கள்.

"வெளிநாடு போய் வந்ததும் சாருக்கு நம்ம ஊர் பிடிக்கலை" என்று யாரும் எழுத வேண்டாம். சொல்லிவிட்டுச் செய்வது நம் ஊர்ப் பழக்கம்தான். ஏரி மடை திறந்தாலும், அம்மை குத்த ஆள் வந்தாலும் முதல் நாளே தண்டோரா போட்ட ஊர்கள் நம்முடையவை. 1960களில் மலேரியாவுக்கு டி.டி.டி. அடிக்க வருவார்கள். பாத்திர பண்டங்களை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுத்தான் அடிப்பார்கள். போகும்போது வாசல் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். அந்தச் சுவரெழுத்து பல வருடம் எங்கள் வீட்டில் அழியாமல் இருந்தது. இன்றைக்கும் மாதாந்திரப் பராமரிப்பு என்றால், "நாளை மின்தடை" என்று எந்தெந்தத் தெரு என்பது வரை பேப்பரில் வருகிறது. ஃபேன் ஓடாது என்பதை முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. நஞ்சு தெளிக்கப் போகிறோம் என்பதைச் சொல்ல முடியாதா?

இதைப் பற்றி அலுவலகத்தில் ஒருவரிடம் பேசினேன். நல்ல மனிதர். இரண்டு தடைகள் சொன்னார்.

ஒன்று, "சொன்னா ஜனங்க பயந்துடுவாங்க சார், அடிக்க விடமாட்டாங்க." என் அனுபவத்தில் தெரியாததற்குத்தான் மனிதன் அதிகம் பயப்படுகிறான். பெயரும் நேரமும் சொன்னால், அந்த ஒரு நாள் வேறு பக்கம் நடப்பான். சொல்லாமல் அடித்தால்தான் வாட்ஸ்அப்பில் புரளி கிளம்பும். கிளைபோசேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015இல் அதை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்படி இருக்க வாய்ப்பில்லை என்கிறது. பெரிய நிபுணர்களே ஒத்துப்போகாத இடத்தில், என் பேரன் அதில் உருளலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் உரிமை எங்கள் வீட்டுக்கு இருக்க வேண்டும்.

இரண்டு, "டெங்கு வந்தா உடனே அடிக்கணும் சார், அறிவிச்சிட்டு உக்காந்திருக்க முடியுமா?" இது நியாயமான கவலை. டெங்குவில் மாணவி ஒருத்தியைப் பறிகொடுத்த பள்ளி நம்முடையது; கொசு ஒழிப்பை நான் எதிர்ப்பேனா? ஆனால் யோசியுங்கள். ஏடிஸ் கொசு வீட்டுக்குள் இருட்டு மூலைகளில் தங்கும் கொசு. தெருவில் புகை இயந்திரத்தின் சத்தம் கேட்டதும் நாம் படபடவென்று ஜன்னலைச் சாத்துகிறோம். புகை தெருவோடு போகிறது, கொசு கட்டிலுக்கு அடியில் சுகமாக இருக்கிறது. முதல் நாளே சொன்னால், உணவையும் குடிநீரையும் மூடிவைத்து, மீன் தொட்டியை மூடி, ஆஸ்துமா உள்ளவர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி கதவைத் திறந்தோ சாத்தியோ வைக்கலாம். மருந்துக்கும் பலன் கூடும். அவசரமென்றால் இரண்டு மணி நேரம் முன்னால் சொல்லட்டும். தினமும் காலையில் குப்பை வண்டி "மக்கும் குப்பை, மக்காத குப்பை" என்று பாடிக்கொண்டு வருகிறதே, அந்த ஒலிபெருக்கியில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும்.

நான் கேட்பது தடை அல்ல. ஒரு பலகை. அதில் ஐந்து விவரம்:

1. என்ன தெளிக்கிறோம் – பெயர், முக்கோணத்தின் நிறம்
2. எதற்காக – கொசுவுக்கா, களைக்கா, கறையானுக்கா
3. எங்கே – பூங்கா முழுவதுமா, ஓரம் மட்டுமா
4. எப்போது – தேதி, நேரம், மறுபடி எப்போது உள்ளே வரலாம்
5. யாரைக் கேட்கலாம் – இரவிலும் எடுக்கப்படும் ஒரு போன் எண்

இது பொதுமக்களுக்கு மட்டும் அல்ல. முதலில் பயன்பெறப் போகிறவர் தெளிக்கிற தொழிலாளிதான். பலகையில் பெயர் எழுத வேண்டுமென்றால், மேஸ்திரி அவரிடம் பெயர் சொல்லியாக வேண்டும். பெயர் தெரிந்தால்தான் கையுறை கேட்கத் தோன்றும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று என் மைத்துனர் கேட்டார். இருக்கிறது. பத்து ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் வரும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும். ஆனால் வாந்தி எடுக்கும் குழந்தையை மடியில் வைத்திருப்பவருக்கு 48 மணி நேரம் எதற்கு ஆகும்?

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் நகராட்சிகளில், பள்ளிகளில், ஆஸ்பத்திரிகளில், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் பொறுப்பில் இருக்கிறீர்கள். உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் வளாகத்தில் அடுத்த முறை மருந்து அடிக்கும்போது ஒரு தாளில் இந்த ஐந்தையும் எழுதி வாசலில் ஒட்டுங்கள். செலவு ஒன்றுமில்லை.

பூங்காவில் பார்த்த அந்தப் பழைய மாணவருக்கு வீட்டில் கிடந்த ஒரு கரும்பலகையும் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் கொடுத்தேன். மேஸ்திரி கேட்டால் என் பெயரைச் சொல் என்றேன். நேற்றுப் போனபோது பலகை கேட்டில் தொங்கியது. தேதி எழுதியிருந்தார். "களை மருந்து அடிச்சிருக்கு, புல்லில் போக வேண்டாம்" என்றும் எழுதியிருந்தார். மருந்தின் பெயருக்கு இடம் விட்டிருந்தார். "இன்னிக்குக் கேட்டுட்டு எழுதுறேன் சார்" என்றார்.

அந்த இடத்தை நிரப்ப வேண்டியது அவர் மட்டும் அல்ல.

அன்புடன்,
உங்கள் வேதியியல் சார்