ஆடு சேட்டையை நிறுத்தினால்

கால்நடை வளர்ப்பு என்றாலே நமக்குக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. மாடு எத்தனை லிட்டர் கறக்கும், கிடாய் எத்தனை கிலோ தேறும், கடன் எத்தனை மாதத்தில் அடையும் என்று கேட்கிறோம். 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகள், 99 லட்சம் வெள்ளாடுகள், 12 கோடிக்கு மேல் கோழி முதலான வளர்ப்புப் பறவைகள் இருக்கின்றன. இந்த ஆடுமாடுகளில் பெரும்பங்கு வீட்டையொட்டிய கொட்டிலிலும் கொல்லையிலும் மனிதர்களோடு வாழ்பவை. அங்கே விடிந்ததிலிருந்து திட்டும் கொஞ்சலும் சிரிப்புமாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. ‘சனியனே, வந்துட்டியா’ என்று திட்டிக்கொண்டே கழுத்தைச் சொறிந்துவிடுகிறார்கள். இதையெல்லாம் வேலைக்கு நடுவே கிடைக்கும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்தச் சிரிப்பும் பாசமும்தான் தொழில்நுணுக்கத்தின் அடித்தளம் என்பது என் கருத்து. அவை போனால் விலங்கு துன்பப்படும்; வளர்ப்பவரின் வருமானமும் குறையும்.

எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். வாத்து முட்டைகளை அடைக்கோழிக்கு வைத்துப் பொரிக்கச் செய்வது கிராமங்களில் பழைய வழக்கம். குஞ்சுகள் நடக்கத் தொடங்கியதும் கோழி அவற்றைக் குப்பைமேட்டுக்குக் கூட்டிப்போய்ச் சீய்த்துக் காட்டும். அவையோ தண்ணீரைக் கண்டதும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி நீந்தத் தொடங்கிவிடும். கோழி கரையில் சிறகை விரித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடிக் கத்தும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தத் தாயின் பதற்றம் புரிவதால்தான் அவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. அது வெறும் பொறியாக இருந்தால் சிரிக்க ஒன்றுமே இல்லை. தாழ்ப்பாளை மூக்கால் நெம்பித் திறக்கும் ஆடும், வெயில் தாழும்வரை குளத்தைவிட்டு எழ மறுக்கும் எருமையும் நம்மைச் சிரிக்கவைப்பது அவற்றுக்கென்று ஓர் எண்ணம் இருப்பதால்தான். சிரிக்கிறவர் தன்னை அறியாமலே அந்த எண்ணத்தை ஒப்புக்கொள்கிறார்.

இதை வளர்ப்பவர்களின் கற்பனை என்று தள்ள முடியாது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தீனி வைத்து மூடிய பெட்டியைத் திறக்க முடியாத ஆடுகள் பெட்டியையும் எதிரே நிற்கும் மனிதரையும் மாறிமாறிப் பார்த்தன. அந்த மனிதர் முதுகைக் காட்டி நின்றபோது அப்படிப் பார்ப்பது குறைந்தது. உதவக்கூடியவர் யார், அவர் கவனம் தன் பக்கம் இருக்கிறதா என்பதெல்லாம் ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அதே வட்டத்து ஆய்வாளர்களின் 2018ஆம் ஆண்டு ஆய்வில் சிடுசிடுத்த முகப் படத்தைவிடச் சிரித்த முகப் படத்தையே ஆடுகள் அதிகம் நாடின. வெள்ளாடு வளர்க்கும் எந்தப் பெண்ணுக்கும் இது புதுச் செய்தியாக இருக்காது.

வருமானத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பிரிட்டனில் நியூகாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் பெர்டன்ஷாவும் பீட்டர் ரோலின்சனும் 516 பால்பண்ணையாளர்களிடம் கேட்டறிந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் பண்ணைகளில், ஒரு மாடு ஆண்டுக்குச் சராசரியாக 258 லிட்டர் கூடுதலாகக் கறந்தது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. பெயர் வைத்தால் பால் பெருகிவிடுமா என்று கேட்பது நியாயமே. பெயர் மருந்தல்ல. பெயர் வைக்கிறவர் ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியாகப் பார்க்கிறவராக இருப்பார், நன்றாகவும் கவனிப்பார். கூடுதல் பால் அதனால் வந்திருக்கலாம். நான் சொல்ல வருவதும் அதுதான். ஆஸ்திரேலியாவில் விலங்கு நடத்தை ஆய்வாளர் ஹெம்ஸ்வொர்த்தின் குழுவினர் பன்றிகளிடமும் கறவை மாடுகளிடமும் பல்லாண்டுகள் நடத்திய ஆய்வுகளும், மனிதரைக் கண்டு அஞ்சும் விலங்கின் வளர்ச்சியும் உற்பத்தியும் குறைவதையே காட்டின.

காரணம் உடலிலேயே இருக்கிறது. மடியில் கை பட்டதும் மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் சுரந்து பால் இறங்குகிறது. பயந்தாலோ அட்ரினலின் சுரந்து அதைத் தடுத்துவிடும். ஆள் மாறினால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்று நம் ஊர்க்காரர்கள் சொல்வது இதைத்தான். நோயைக் கண்டுபிடிப்பதும் இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. நலமான மாட்டின் மூக்கு முத்துமுத்தாக வேர்த்திருக்கும். காய்ச்சல் கண்டால் காய்ந்துவிடும். அசைபோடுவது நிற்கும், காது தொங்கும். வெள்ளைக்கழிச்சல் வந்த கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும். ஆட்டுக்கொல்லி நோயில் முதலில் காய்ச்சலும் சோர்வும்தான். மூக்கொழுகலும் கழிச்சலும் பிறகே வரும். அந்த முதல் நாளில் வித்தியாசத்தைக் காண்பவர் யார்? அடுப்படிக்குள் நுழைந்து முருங்கைக்கீரையை இழுக்கிற ஆடு அன்று ஏன் வரவில்லை என்று தேடுகிறவர்தான்.

பாசம் பேசுகிறவர்கள்தானே அதே ஆட்டை விற்கிறார்கள், அறுத்தும் சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வி வரும். இதை எளிதாகக் கடந்துபோக முடியாது. பாசமே பொய் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மாட்டை விற்றாலும் அதைக் கட்டியிருந்த தும்பைக் கொடுக்காமல் தாங்களே வைத்துக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். லட்சுமி வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்பார்கள். விற்றே ஆகவேண்டிய நெருக்கடியும் விட மனமில்லாத தவிப்பும் ஒரே வீட்டில் இருக்கின்றன என்பதற்கு அந்தக் கயிறு சாட்சி. அந்தத் தவிப்பு இருக்கிற இடத்தில்தான் விலங்கு வாழும் காலத்திலாவது மரியாதையாக நடத்தப்படுகிறது. லாரியில் கால் மடக்க இடமில்லாமல் மாடுகளை அடைத்து அனுப்புகிற இடத்தில் அது கிடையாது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. சாணி அள்ளி, புல் அறுத்து, விடியலில் எழுந்து கறக்கிற பெண்ணிடம் இதிலுள்ள இனிமையைப் பற்றிப் பேசுவது கொடுமை என்பார்கள். உண்மைதான், அது இடுப்பொடிக்கும் வேலை. ஆனால் உழைப்பு கடினம் என்பதால் அதிலிருக்கும் அறிவை மறைத்துவிடக் கூடாது. பல வீடுகளில் மாட்டின் குணம் முழுக்கத் தெரிந்தவர் மனைவி. பால் சங்கத்து அட்டையும் கடன் விண்ணப்பமும் இருப்பது கணவர் பெயரில். அந்த மனைவி மாட்டோடு பேசுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் வரை அவருடைய தேர்ச்சிக்கு ஊதியமும் கிடைக்காது, உரிமையும் கிடைக்காது.

பத்தாயிரம் கோழிகள் உள்ள கொட்டகையில் யார் யாருக்குப் பெயர் வைப்பது என்றும் கேட்பார்கள். வைக்க முடியாது. நாமக்கல் முட்டையும் பல்லடம் கறிக்கோழியும் ஏழைக்கும் எட்டும் விலையில் புரதம் தருவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆறு வாரத்தில் முடியும் கறிக்கோழியின் வாழ்வில் அதன் குணத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதாலேயே அங்கே விதிகள் கடுமையாக இருந்தாக வேண்டும். முட்டைக்கோழிகள், கறிக்கோழிகளின் இருப்பிடம் குறித்துச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆவது அறிக்கையைக் கொடுத்தது. கண் பார்க்காத இடத்தில் சட்டமாவது பார்க்கட்டும்.

வீட்டு வளர்ப்பில் அந்தக் கண் இன்னும் இருக்கிறது. அதற்கு மதிப்புக் கொடுத்தால் போதும். 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் நிலமற்ற ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட எந்தத் திட்டத்திலும் ஆட்டைத் தேர்ந்தெடுக்கும் கடைசிச் சொல் அதை மேய்க்கப்போகும் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்கள் கொஞ்ச நாளாவது ஊர் ஊராக ஆடு மேய்க்கும் ஒரு கீதாரியோடு கிடையில் தங்கிப் பயில வேண்டும். கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற எண்ணுக்கு அழைத்து, ‘ஆடு நேத்துலருந்து சேட்டையே பண்ணலைங்க’ என்று ஒருவர் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் அதை நோயின் முதல் அறிகுறியாகக் குறித்துக்கொண்டு வண்டியை அனுப்ப வேண்டும்.