போன்கேப் மூடப்பட்டது... ஆப்கள் பிழைத்தன!

உங்கள் மொபைலில் இருக்கும் ஆப்களில் சில, உண்மையில் வெப்சைட்கள்தான்! அட்ரஸ் பார் இல்லாத பிரவுசருக்குள் ஓடுவதால் நமக்கு அது தெரிவதில்லை. இந்த வித்தையைப் பிரபலமாக்கியது போன்கேப்.

ஐபோன் ஆப் செய்ய அப்போது ஆப்ஜெக்டிவ்-சி தெரிய வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு ஜாவா. ஒரே ஆப்பை இரண்டு முறை எழுத இரண்டு டீம், இரண்டு சம்பளம். சின்ன நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகுமா? கனடாவின் வான்கூவரில் இருந்த நிட்டோபி நிறுவனத்தினர், 2008-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஐபோன்டெவ்கேம்ப்பில் இதற்கு மாற்று வழியைத் தொடங்கினார்கள். வெப்சைட் செய்யும் ஹெச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ், ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒருமுறை எழுதினால் போதும். கான்டாக்ட்ஸ் போன்ற விஷயங்களை அப்போது சாதாரண வெப் பக்கத்தால் தொட முடியாது. அந்தப் பக்கத்துக்கும் போனுக்கும் நடுவே ஒரு பாலம் போட்டதுதான் போன்கேப்பின் கெட்டிக்காரத்தனம்.

2011 அக்டோபரில் நிட்டோபியை வாங்குவதாக அறிவித்தது அடோபி. பெரிய நிறுவனம் உள்ளே வந்தால், நம்பியிருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்தானே? ஆனால், கோட் முழுவதும் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போனது. அங்கே அதற்குக் கிடைத்த பெயர் கார்டோவா. நிட்டோபி ஆபீஸ் இருந்த தெருவின் பெயர்!

போன்கேப் என்ற பெயரும், 'போன்கேப் பில்டு' சேவையும் அடோபியிடம் இருந்தன. கோடை அப்லோடு செய்தால் ஆன்லைனிலேயே ஆப்பாக மாற்றித் தரும் சேவை இது. மேக் வாங்க வசதியில்லாதவர்களுக்கு வரப்பிரசாதம்.

2020 அக்டோபர் 1-ல் அந்தச் சேவை நின்றது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் வேறு இடம் தேடி அலைய வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் எழுதிய ஆப்கள் வீணாகவில்லை. அடிப்படை கோட் யாருடைய பூட்டுக்குள்ளும் இல்லாததால் கார்டோவாவிலேயே தொடர முடிந்தது. அயானிக் குழுவின் கெபாசிட்டரும் இன்று இதே பாணியில் இயங்குகிறது. விலை குறைந்த போன்களில் இப்படிப்பட்ட ஆப்கள் கொஞ்சம் திணறும் என்பது பழைய புகார். அதில் நியாயமும் இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் அந்த மறைமுக பிரவுசரின் பெயர், 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ'. 2021 மார்ச்சில் இதில் வந்த கோளாறால் ஜிமெயில் உட்பட ஏராளமான ஆப்கள் திறந்ததுமே மூடிக்கொண்டன. பிளே ஸ்டோரில் இதன் அப்டேட் காத்திருந்தால், 'இது என்னவோ' என்று தள்ளிவிடாமல் போட்டுவிடுங்கள்.