திண்ணைப் பாட்டும் படச்சுருளும்

நாட்டுப்பாடலின் உயிர் அரங்கத்திலன்று. பாடுவோர் திண்ணையில், சுற்றத்தார் நடுவே உளது. டச்சு அறிஞர் ஆர்னால்டு பாகே 1938-ஆம் ஆண்டில் தென்னாட்டில் சஞ்சரித்து, நாட்டார் இசையை ஒலிப்பதிவு செய்ததுடன் மௌனப் படங்களும் எடுத்தார். அவற்றின் பிரதிகளுடன் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் 1984-இல் அவர் சென்ற ஊர்களைத் தேடிச்சென்று, மக்களுக்குக் காட்டி, மீண்டும் படம் பிடித்தனர். இடையிற் கழிந்தவை 46 ஆண்டுகள்! பாடினோருள் எத்தனைபேர் தம் குரலைக் கேட்க உயிரோடிருந்திருப்பர்?

ஆதலின் நண்பர்களே, முத்தியால்பேட்டையில் தாலாட்டும் கும்மியும் அறிந்த மூதாட்டியரைக் கைப்பேசியிற் படம்பிடிக்க விழைவோர் இரண்டினை மறவாதிருத்தல் வேண்டும். மேடைக்கு அழையாது அவர் இல்லத்திற்கே செல்க. அன்றே அப்படத்தை அவர்க்குக் காட்டி, பிரதியொன்று கொடுத்து வருக. பாடினோரிடம் திரும்பாத பதிவு களவுக்கு அயலதன்று.