அறியாமை கற்பாகுமா?

ஈழத்துத் தமிழ்ச் சமூகத்தில் ஒரு பெண்பிள்ளை பூப்பெய்தினால் அச்செய்தி இரகசியமாக இருப்பதில்லை. அழைப்பிதழ் அச்சாகின்றது, பந்தல் எழுகின்றது, ஒலிபெருக்கி முழங்குகின்றது, சாமத்தியச் சடங்கின் படங்கள் கடல் கடந்து வாழும் உறவினர்க்கும் அனுப்பப்படுகின்றன. ஊர் முழுவதற்கும் அறிவிக்கப்படும் இவ்விடயம் பற்றிய விளக்கம் ஒருவருக்கு மாத்திரம் மறுக்கப்படுகின்றது. அவ்வொருவர் அப்பெண்பிள்ளையே. குருதி எவ்வுறுப்பிலிருந்து எவ்வழியாக வெளியேறுகின்றது என்பதை அவளுக்கு எடுத்துரைப்பார் அரியர். துடக்கு என்று அவளை ஒதுக்கி இருத்தத் தெரிந்தவர்களுக்கு அவ்வுறுப்பின் பெயரைச் சொல்ல நா எழுவதில்லை.

இம்முரண்பாட்டின் முழு உருவத்தையும் காண விரும்புவோர் டம்பொன் என்னும் சிறு பொருளைப் பற்றிப் பேச்செடுத்தாலே போதும். இறுக்கிய பஞ்சினால் ஆகி, யோனியினுள் வைக்கப்பட்டு, மாதவிடாய்க் குருதியை உள்ளேயே உறிஞ்சுவது இப்பொருள். ஏர்ள் ஹாஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் இதன் இக்கால வடிவத்துக்கு 1933 இல் காப்புரிமை பெற்றார். தொண்ணூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் இதற்கெதிராக எழும் முதல் வாதம், மணமாகாத பெண் இதனைப் பயன்படுத்தினால் கன்னிமை கெடும் என்பதே.

இவ்வாதம் உடற்கூற்றறிவின் முன் ஒரு கணமும் நில்லாது. கன்னிச்சவ்வு என்பது யோனி வாயிலை அடைத்து நிற்கும் கதவு அன்று. வாயிலின் ஓரத்தே அமைந்த நெகிழ்ச்சியுள்ள மெல்லிய மடிப்பே அது. அதில் இயல்பாகவே துவாரம் உண்டு. துவாரம் இல்லையெனின் மாதந்தோறும் குருதி வெளிவருவது எங்ஙனம்? அதன் வடிவமும் அளவும் பெண்ணுக்குப் பெண் வேறுபடும். எந்தப் பரிசோதனையாலும் ஒருத்தியின் கன்னிமையை நிறுவ இயலாது என்று உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் பிற அமைப்புக்களும் 2018 இல் கூட்டாக அறிவித்து, அத்தகைய பரிசோதனைகளை ஒழிக்குமாறு கோரின.

மெய்யாகவே சவ்வு முற்றாக மூடியிருத்தலும் அரிதாக உண்டு. அது ஒழுக்கத்தின் சான்றன்று, பிறவிக் குறைபாடு. பருவம் எய்தியும் குருதி வெளிவராது உள்ளே தேங்குகின்றது. மாதந்தோறும் வயிற்று நோ மட்டும் வருகின்றது. சிறு சத்திரசிகிச்சையால் தீரும் இக்குறையை, "இன்னும் வயசுக்கு வரவில்லை" என்று கூறிக் காலம் கடத்தும் குடும்பம் நோயாக்குகின்றது. வெட்கத்தின் பெயரால் பேணப்படும் அறியாமைக்கு விலை கொடுப்பவள் யார் என்பதற்கு இஃதொன்றே போதிய உதாரணம்.

டம்பொன் உள்ளே தொலைந்துவிடும் என்பதும், அதனை வைத்திருக்கையில் சிறுநீர் கழிக்க முடியாது என்பதும் ஏனைய அச்சங்கள். சிறுநீர் வழி வேறு, யோனி வழி வேறு, மலவாயில் வேறு. இம்மூன்றையும் பிரித்தறியாத பட்டதாரிகளும் உளர். யோனி, மேல்நோக்கிப் பின்புறமாகச் சாய்ந்து செல்லும் ஒரு தசைக்குழாய். அதன் முடிவில் உள்ள கருப்பைக் கழுத்தின் துவாரம் மிக ஒடுங்கியது. டம்பொன் அதனூடே புக வழியில்லை.

உண்மையான அபாயமும் ஒன்றுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் மிகையாக உறிஞ்சும் டம்பொன்களைப் பயன்படுத்திய பெண்கள் சிலர் பற்றீரிய நச்சினால் மரணமடைந்தனர். றிலை என்னும் வகை 1980 இல் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. குறைந்த உறிஞ்சுதிறன் உடையதைத் தெரிதல், எட்டு மணித்தியாலத்துக்கு மேல் உள்ளே விடாதிருத்தல், கை கழுவுதல், திடீர்க் காய்ச்சலும் வாந்தியும் தலைச்சுற்றும் வந்தால் உடனே அகற்றி வைத்தியரை நாடுதல் என்பன அவ்வனுபவம் தந்த பாடங்கள். ஆயின் எதிர்ப்பாளர் வாயில் இவ்வபாயம் வருவதேயில்லை. இல்லாத கன்னிமைக் கேட்டைக் கண்டு நடுங்குவோர், இருக்கும் நோயை அறியார்.

இவற்றைத் தமிழிற் சொல்லச் சொல் இல்லை என்போரும் உளர். 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; உடற்கூற்று நூலையும் பிரசவ வைத்திய நூலையும் தமிழாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்த சொற்கள் இன்றைய வகுப்பறையில் இல்லாதொழிந்தன என்பது நகைப்பிற்குரியது. இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயத்தை வீட்டில் வாசிக்குமாறு கூறிக் கடந்து செல்லும் ஆசிரியரிடம் பஞ்சம் சொல்லுக்கன்று, துணிவுக்கே.

டம்பொன் எல்லோர்க்கும் ஏற்றது என்பதோ, ஏழைக் குடும்பங்களுக்கு அது எளிதிற் கிட்டும் என்பதோ இங்கு வாதமன்று. 2018 செப்டெம்பர் வரை, இறக்குமதியாகும் ஆரோக்கியத் துவாய்கள் மீதே நூற்றுக்கு நூறினை விஞ்சிய வரி சுமத்தப்பட்டிருந்த நாடு இது. துணியோ, துவாயோ, டம்பொனோ, எதனைத் தெரிவது என்பது பெண்ணின் உரிமை. அறியாதவளுக்குத் தெரிவு என ஒன்றில்லை.

பூப்பினைப் பந்தலிட்டுக் கொண்டாடும் சமூகம், அப்பந்தலுக்குச் செலவிடும் காசில் ஒரு துளியும் வேண்டாம், ஒரு மணித்தியாலத்தை மட்டும் ஒதுக்கி அச்சிறுமிக்கு அவளது உடலை விளக்கட்டும். அதுவும் இயலாதெனின், பண்பாடு என்ற சொல்லை அது கைவிடுதலே நேர்மை.